நண்டும் வேகக் கமிட்டியும்

அறுபத்தொரு நாள். ஒரு நண்டு ஓர் அருவியில் ஏன் மெதுவாக ஏறுகிறது என்று மனிதர்கள் விடாமல் யோசித்த மிக நீண்ட காலம் இதுவாகத்தான் இருக்கும். விலங்கியலில் இதற்கு முன்மாதிரி இல்லை. கணினித் துறையிலும் இருக்க வாய்ப்பில்லை. இந்தச் சாதனை 1997-இல் திருவனந்தபுரம் வலியசாலையில், ஒரு வீட்டு மாடியில், ஐந்து பேரால் நிகழ்த்தப்பட்டது. அந்த ஐவரில் நானும் ஒருத்தி. பெருமையில் என் பங்கு சிறியதல்ல.

நிறுவனத்தின் பெயர் வலியசாலை குளோபல் சிஸ்டம்ஸ். எங்கள் எம்.டி. அனந்தபத்மநாபன் சார் மஸ்கட்டில் பதினோரு வருடம் இருந்தவர். 'குளோபல்' அங்கிருந்து வந்தது. 'வலியசாலை' அவருடைய சொந்த வீட்டு முகவரியிலிருந்து வந்தது.

டென்மார்க்கிலுள்ள ஒரு நிறுவனம் எங்களைத் தேடி வந்தது. தொலைக்காட்சியில் செருகி விளையாடும் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்று, அதாவது கன்சோல், சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. அதற்கான விளையாட்டுகள் சிலவற்றின் உரிமை அவர்களிடம் இருந்தது. அவற்றைக் கணினியில் ஓட்ட வேண்டும். அதற்குக் கணினி தன்னை அந்தப் பழைய பெட்டி என்று நம்ப வேண்டும். இப்படி நம்ப வைக்கும் நிரலுக்கு எமுலேட்டர் என்று பெயர். தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்வதில் எங்கள் நிறுவனத்துக்கு முன் அனுபவம் இருந்ததால் வேலை எங்களுக்கே கிடைத்தது.

முதல் விளையாட்டில் ஒரு நண்டு இருந்தது. தலையில் கவசம் அணிந்து அருவியில் ஏறும். உச்சியில் அதன் குடும்பம் காத்திருக்கும். கதை அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க டென்மார்க்காரர்கள் சொன்ன ரகத்தில் ஒரு பழைய கணினி வாங்கினோம். அவர்களுடைய வாடிக்கையாளர்களிலேயே மிக ஏழையிடம் இருக்கக்கூடியது. இதில் ஓடினால் எதிலும் ஓடும் என்பது கணக்கு. அது வந்தது நவராத்திரியில், அஷ்டமியன்று. வந்த அன்றே பூஜைக்கு வைத்துவிட்டோம். எங்கள் ஊரில் பூஜைக்கு வைத்த புத்தகத்தையும் தொழில் கருவியையும் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த சாஸ்திரம் கிடையாது. மென்பொருள் எழுதுபவர்களுக்கும் அப்படியே.

"இதுக்கு நெத்தி எதாக்கும்?" என்று சார் கேட்டார்.

முன்பக்கத்தின் நடுவில் வட்டமாக ஓர் இடம் இருந்தது. சார் அங்கே சந்தனத்தை வைத்துப் பெருவிரலால் நன்றாக அழுத்தினார். பக்தியில் அரைகுறை அவருக்கு ஆகாது. அதன் மேல் குங்குமம். அதற்கும் மேல், வாடக் கூடாது என்பதற்காக, பிளாஸ்டிக் மல்லிகை மாலை. தட்டு பிடிக்க ஓர் ஊழியரும் முறைப்படி நியமிக்கப்பட்டிருந்தார்.

விஜயதசமி காலையில் சார் ஒற்றை விரலால், பிள்ளைகளுக்கு முதலெழுத்து எழுதிக் காட்டும்போது சொல்லும் 'ஹரிஸ்ரீ'யை ஆங்கில எழுத்தில் தட்டித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இயந்திரம் அதைத் தவறான கட்டளை என்று அறிவித்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் பாயசம் குடித்தோம்.

இனி என்னைப் பற்றி. பெயர் பகவதி. பி.எஸ்சி. பௌதிகம். பதவி, சோதகர். சார் தர மேலாண்மை பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி, அதிலிருந்து மூன்று விதிகளை எடுத்திருந்தார். நிரல் எழுதுபவர்கள் சோதனை அறைக்குள் வரக் கூடாது. சமைத்தவரே ருசி பார்த்துச் சான்றிதழ் தரக் கூடாது அல்லவா? சோதனை இயந்திரத்தில் திட்டம் முடியும்வரை எந்த மாற்றமும் செய்யக் கூடாது. மூன்றாவதாக, சோதகர் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். கருத்துச் சொல்லக் கூடாது.

மூன்றாம் விதியைப் படித்தபோது என் கண் கலங்கியது. கல்லூரியில் 'பிரசன்ட் மிஸ்' என்று சொல்லவே தைரியம் வராமல் பாதி வருகையை இழந்தவள் நான். வாய் திறக்காமல் இருப்பதைத் தகுதியாகக் கருதும் ஒரு நிறுவனம் உலகத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

சோதனை அறை என்பது பழைய கலவறை. ஒரு காலத்தில் சாரின் வீட்டார் அரிசியும் புளியும் வைத்திருந்த சாமான் அறை. அங்கே இயந்திரமும் நானும் மட்டும். இரண்டாம் விதிக்குக் கட்டுப்பட்டு நான் மாலையைக்கூட எடுக்கவில்லை. எங்கள் கல்லூரி லேபில் இதே ரக இயந்திரம் ஒன்று இருந்தது. அதனால் இதைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். மூன்றாம் விதிக்குக் கட்டுப்பட்டு அதை இப்போது சொல்லாமல் விடுகிறேன்.

நிரல் எழுதியவர்கள் இருவர். படம் வரையும் பகுதியை எப்படி எழுதுவது என்பதில் அவர்களுக்குள் கொள்கை வேறுபாடு. 'ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுங்கோ, ஜெயிக்கறதை எடுத்துக்கலாம்' என்று சார் தீர்ப்பு வழங்கியிருந்தார்.

தளவாய் திருநெல்வேலிக்காரன். அவன் கட்சி வேகம். ஓட்டலுக்குப் போனால் நேராக அடுக்களைக்குள் புகுந்து தட்டில் இட்லியை எடுத்துப் போட்டுக்கொள்ளும் வழி அது. கணினியின் படம் காட்டும் அட்டையில் தானே நேராக எழுதுவான். விரைவாக நடக்கும். ஆனால் ஒவ்வோர் ஓட்டலிலும் அடுக்களை வேறு இடத்தில் இருக்கும். அடுத்த ஓட்டலில் அவன் கழுவும் தொட்டிக்குள் கைவிட்டு இட்லி தேடுவான்.

ஷிஜி பாறசாலைப் பெண். அவள் கட்சி, எங்கும் ஓட வேண்டும் என்பது. எல்லா ரகக் கணினியிலும் வேலை செய்யும் ஒரு பொது நூலகத்தை, அவர்கள் மொழியில் லைப்ரரி, நடுவில் வைத்து எழுதினாள். நாற்காலியில் உட்கார்ந்து சப்ளையரிடம் இட்லி என்று சொல்வதைப் போல. அந்தந்த அடுக்களை அந்தந்தச் சப்ளையருக்குத் தெரியும். எந்த ஊரிலும் இட்லி கிடைக்கும். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விநாடிக்கு அறுபது படம் வரைந்தால் நண்டு அசலைப் போல ஓடும். நான் முதல் எண்களை அறிவித்தேன். தளவாய், முப்பத்து நான்கு. ஷிஜி, முப்பது. இருவருமே தோற்றிருந்தார்கள். நான்கு படம் குறைவாகத் தோற்றவன் வென்றவனானான். தேர்தல்களும் இப்படித்தான் நடக்கின்றன.

"முப்பத்தி நாலாம்லா!" என்று தளவாய் மேசையைத் தட்டினான். "ஷிஜி, ஒனக்கு எதுக்கு அந்த லைப்ரரி? நான் நேரா கார்டுலயே எழுதுதேன், பாத்தியா?"

"எழுது. நாளைக்கு அவன் வேற கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுன்னு கேப்பான். அப்பம் டென்மார்க்கில அவனுக்க வீடு வீடா போய் எழுதிக் குடு."

"டிக்கெட் போட்டா போவேன்."

"போனா திரும்பி வராண்டாம். அது போதும்."

உடனே வேகக் கமிட்டி அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஐந்து பேர். ஊழியர்களும் ஐந்து பேர்தான் என்பதால் தேர்வில் சிரமம் இருக்கவில்லை. கமிட்டி செவ்வாயும் வெள்ளியும் கூடியது. முதல் கூட்டத்தில் சார் கொள்கை உரை ஆற்றினார்.

"வேகமாக்கும் முக்கியம். அதே சமயம் எல்லா எடத்துலயும் ஓடணும். ரெண்டும் வேணும், கேட்டேளா? அதனால நாம ஒரு தீர்மானத்துக்கு வரணும்."

வந்தோம். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை என்று தீர்மானமானது.

நான்காவது கூட்டத்தில் கணக்கர் கோலப்பன் அண்ணாச்சி, அதுவரை வடை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர், நாகர்கோவில் குரலில் விவாதத்தை வேறு தளத்துக்கு உயர்த்தினார்.

"நான் ஒண்ணு கேக்கட்டா? அந்த நண்டுக்கு எத்தனை காலு?"

"பத்து, அண்ணாச்சி," என்றாள் ஷிஜி.

"நாலாக் கொறைச்சா என்ன? வரையதுக்கு லேசா இருக்கும்லா."

யாரும் சிரிக்கவில்லை. சார் கண்ணை மூடி யோசித்தார். 'கால் குறைப்பு' தனித் துணைக் கமிட்டிக்கு அனுப்பப்பட்டது. துணைக் கமிட்டியின் அறிக்கைக்குக் காத்திராமல் தளவாய் இன்னும் துணிச்சலான சீர்திருத்தம் ஒன்றைச் செய்தான். அருவியை எடுத்துவிட்டான். நண்டு இப்போது வெறும் கறுப்பில் ஏறியது. எதன் மேல் ஏறுகிறது, எதற்காக ஏறுகிறது என்பதெல்லாம் அதன் சொந்தப் பிரச்சினை. நான் எண்ணை அறிவித்தேன். நாற்பத்தொன்று.

"அருவி ஒரு ஆடம்பரமாக்கும்," என்றார் சார்.

ஷிஜி எதையும் எடுக்க மறுத்தாள். அருவியின் ஒவ்வொரு துளியும் அவளிடம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு துளியும் விழ நேரம் எடுத்துக்கொண்டது.

இந்த நாட்களில் என் நிலை உயர்ந்துகொண்டே போனது. அறைக்குள் வரத் தடை இருந்ததால் இரு கட்சியினரும் கலவறை வாசலில் வந்து நின்றார்கள். தளவாய் டீயும் ஏத்தங்காய் அப்பமும் கொண்டுவந்தான். "பகவதி, இன்னைக்கு எவ்வளவு? சும்மா சொல்லு, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்." நான் எண்ணைச் சொல்வேன். அவன் முகம் மலரும், அல்லது வாடும். இருபத்திரண்டு வயதுவரை என் வாய் எப்போது திறக்கும் என்று ஒருவரும் காத்திருந்ததில்லை. இப்போது நிறுவனத்தின் மொத்தத் தொழில்நுட்பப் பிரிவும் காத்திருந்தது. அப்பமும் சூடாக இருந்தது. ஆராய்ச்சி நீள்வதில் எனக்குத் தனிப்பட்ட ஆட்சேபணை ஏதும் தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முயலவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கையைத் தூக்கினேன்.

"பகவதிக்குத் தண்ணி வேணும் போல இருக்கு, யாராவது குடுங்கோ," என்றார் சார்.

கொடுத்தார்கள். குடித்தேன்.

அடுத்து கோலப்பன் அண்ணாச்சியிடம் போனேன். "அண்ணாச்சி, அந்த மெஷின்ல ஒரு விஷயம்..." என்று தொடங்கினேன்.

அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "மக்கா, மெஷின் விஷயம் என் காதுல விழப்பிடாது. நாளைக்கு எதுவும் ஒண்ணுன்னா அண்ணாச்சிக்கும் தெரியும்னு சொல்லுவா."

கடைசியாக ஷிஜி. மதியம் நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் சாப்பிடுவோம். அவள் கொண்டுவரும் மரச்சீனிக் கிழங்கில் பாதி எனக்கு. அந்த அலுவலகத்தில் எண்ணைத் தவிர வேறு விஷயங்களையும் என்னிடம் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"ஷிஜி, ஒனக்க புரோகிராம் மெதுவா ஓடுறதுக்குக் காரணம்..."

"சொல்லாதே." அவள் கையை நீட்டித் தடுத்தாள். "எண்ணு மட்டும் சொல்லு. நீ எனக்கு எதாவது சொல்லித் தந்தா, கிழங்கு குடுத்து ஜெயிச்சான்னு தளவாய் சொல்லுவான். எனக்க கோடு எனக்க காலில நிக்கட்டும். கேட்டியா?"

கேட்டேன். நேர்மையான தோழி கிடைப்பது அபூர்வம். வாயை மூடிக்கொள்ள இவ்வளவு கண்ணியமான காரணம் கிடைப்பது அதைவிட அபூர்வம்.

டிசம்பர் தொடக்கத்தில் கமிட்டி தன் முதல் உண்மையான முடிவை எடுத்தது. போனக்காடு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில், கொழுந்து எடை போட ஒரு மென்பொருள் கேட்டிருந்தார்கள். ஒருவர் ஒரு வருடம் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சார் ஷிஜியைப் பார்த்தார். "உன்னோட லைப்ரரி எல்லா எடத்துலயும் ஓடும்னு நீதானே சொன்னே?"

"ஆமா சார்."

"அப்ப நீயும் ஓடுவே."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன், தாமதமாக, சத்தமில்லாமல். டென்மார்க்காரர் வந்து பார்த்துத் தளவாயின் பதிப்பை ஏற்றுக்கொண்ட மறுநாளே அவள் கிளம்ப வேண்டும் என்று முடிவானது.

அன்று மதியம் அவள் டப்பாவைத் திறக்கவில்லை.

"வித்துரா வரைக்கும் ஒரு பஸ்ஸு. பின்னே அங்கேயிருந்து வேற பஸ்ஸு. அதொண்ணும் எனக்கு பிரச்சினை இல்லை, பகவதி. அங்கே கம்ப்யூட்டர்ல படமே கிடையாது. கிலோ, கிராம். கிலோ, கிராம். வேற ஒண்ணும் இல்லை." தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள். "எனக்க அருவி நல்லாத்தான் விழுது. அல்லே? சத்தியம் சொல்லு."

"நல்லா விழுது," என்றேன். அது கருத்து. மூன்றாம் விதியை நான் மீறியது அன்றுதான் முதல் முறை. முழுக்க மீறாமல் அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

அறுபத்தொன்றாம் நாள் காலை டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் வந்தார். மிக உயரமானவர். மேசையில் சார் வைத்திருந்த தேங்காய், பூங்கொத்து, தர மேலாண்மைப் புத்தகம் எல்லாவற்றையும் புன்னகையுடன் பார்த்துவிட்டு, சோதனை இயந்திரம் எங்கே என்று கேட்டார். அதிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.

முதல் விதி முறிந்தது. ஹென்ரிக் குனிந்து கலவறைக்குள் நுழைந்தார். பின்னால் சார், தளவாய், ஷிஜி, கோலப்பன் அண்ணாச்சி. புளி வாசனை இன்னும் போகாத அந்த அறையில் ஆறு பேர் தோளோடு தோள் நின்றோம். எல்லோர் கண்ணும் திரையில் இருந்தது. கீழே மாலையும் பொட்டுமாக இருந்த பெட்டியை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கும்பிட்டிருப்பார்கள்.

முதலில் தளவாயின் பதிப்பு. நண்டு கறுப்பில் தத்தித் தத்தி ஏறியது.

"அருவி எங்கே?" என்று ஹென்ரிக் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அருவி ஆப்ஷனல்," என்றார் சார்.

"இந்த விளையாட்டின் பெயரே அருவி."

தளவாய் தன் செருப்பைப் பார்த்தான். நான் ஷிஜியின் பதிப்பை ஓட்டினேன். அருவி வந்தது. மிக அழகாக, மிக நிதானமாக. நண்டு ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. ஹென்ரிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சார் அவசரமாக முன்னால் வந்தார்.

"கவலைப்பட வேண்டாம். இதை எழுதிய ஊழியரை ஏற்கெனவே மலைக்கு மாற்றிவிட்டோம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஷிஜி சுவரில் ஒரு காலத்தில் புளிப்பானை சாய்ந்திருந்த கறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஒரு கை நீண்டு மாலையைப் பிடித்து இழுத்தது. அது யாருடையது என்று தெரிய எனக்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று. என்னுடையதுதான். மாலைக்குப் பின்னால், வேகத்தைக் காட்டும் சின்னக் கண்ணாடியில் சிவப்பாக '33' என்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கல்லாய் இறுகியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். சுலபத்தில் வரவில்லை. நல்ல சந்தனம். குங்குமம் உதிர்ந்து ஹென்ரிக்கின் வெள்ளைக் காலணியில் விழுந்தது.

"பகவதி! பூஜை பண்ணினதாக்கும் அது!" என்றார் சார்.

சந்தனத்துக்கு அடியிலிருந்து ஒரு வட்டப் பொத்தான் வெளிப்பட்டது. அமுக்கினேன். டக் என்றது. கண்ணாடியில் எண் '66' ஆனது.

திரையில் அருவி கொட்டியது. நண்டு அதன் நடுவே புகுந்து, பாறைக்குப் பாறை தாவி, உச்சிக்குப் போய்க் குடும்பத்துடன் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. மூன்று குட்டிகள்.

"பத்துக் காலோடயா?" என்றார் கோலப்பன் அண்ணாச்சி.

ஹென்ரிக் கைதட்டினார். சார் கைதட்டவில்லை.

"என்ன பண்ணினே நீ?"

விதி நினைவுக்கு வந்தது. எண்ணை மட்டும் சொல்லலாம். "அறுபது, சார்."

"அது தெரியறது. இத்தனை நாள் ஏன் அதுல பாதி?"

"இது டர்போ பட்டன், சார். அமுங்கி இருந்தாத்தான் மெஷினுக்கு முழு வேகம். நீங்க சந்தனம் வச்சு அமுக்கினப்போ வெளிய வந்துட்டுது. அப்புறம் அரை வேகத்துலதான் ஓடிச்சு. தளவாயோடதும். ஷிஜியோடதும்."

சார் தன் பெருவிரலைப் பார்த்தார். ஷிஜி திரையிலிருந்து மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சந்தோஷம் வந்திருந்தது. வந்தது அப்படியே நின்றது.

"பகவதி, சந்தனத்துக்க அடியில பட்டன் இருக்குன்னு ஒனக்கு எப்பம் தெரியும்?"

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

"தட்டு பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான், ஷிஜி. டக்குன்னு சத்தம் எனக்கு அன்னைக்கே கேட்டுது."